அந்தப் பேரை மட்டும் எடுத்துவிடு

லோகு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. அவன் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தான். காலை இழுத்துக்கொண்டேன். செத்துப்போனவருக்குச் செய்யவேண்டிய மரியாதையை எல்லாம் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவதற்கு இந்த ஒரு வருடமாக ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

லோகு பெரம்பூர்க்காரன், பாட்டுக் குழு வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் சாவு வீட்டில் கிதார் வாசித்ததைப் போனில் பிடித்து உலகத்துக்குக் காட்டியவன் அவன்தான். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறதாம். கும்மிடிப்பூண்டியில் மண்டபம் பேசிவிட்டார்களாம். படத்திறப்பு, அப்புறம் அவருடைய பாட்டுகள். நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம். பேனர் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று போனை நீட்டினான். 'ப்ளூஸ் மாணிக்கம் – ஒரு சகாப்தம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆயுசு முழுக்க ஸ்கிராப் யார்டில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்த மனுசன். சகாப்தமாம்.

வருகிறேன் என்றேன். ஆனால் ஒன்று.

"அந்த ஷூ பாட்டு பாடுவீங்க இல்ல, அதுல என் பொண்ணு பேரு வருது. அந்தப் பேரை மட்டும் எடுத்துடு. வேற எதுவும் நான் கேக்கல."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அதுதானம்மா அந்தப் பாட்டுக்கே உயிர் என்றான். எனக்கு வந்ததே கோபம்.

"அந்த உசுரு போனதாலதான்பா அந்தப் பாட்டே வந்துச்சு. எடுக்கறதுன்னா சொல்லு, வரேன். இல்லன்னா என் ஊட்டு வாசப்படி ஏறாத."

எடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். இதையேதான் அந்த ஆளிடமும் கேட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன். யாரோ பெற்ற பிள்ளை உடனே சரி என்றான். அவளைப் பெற்ற அப்பன் கடைசிவரை சரி என்று சொல்லவில்லை.

அந்தக் கிதார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை லோகு மேடைக்கு மேடை சொல்லுவான், ஏதோ கர்த்தர் அனுப்பிவைத்த மாதிரி. அப்படி ஒன்றும் இல்லை. இரும்பு உருக்குகிற கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் பழைய இரும்பு வரும். அந்தக் குவியலில் மூடிக்கிடக்கிற சாமான்களைப் பொறுக்கி வெளியே போடுவது அவர் வேலை. சிலிண்டர், ஷாக் அப்சார்பர் மாதிரி எதுவாவது மூடியபடியே உலைக்குள் போனால் வெடிக்கும், ஆள் காலி. அப்படிப் பொறுக்கும்போது கையில் வந்தது அது. உடம்பெல்லாம் தகடு, நடுவில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஒரு தட்டு. அவர் தட்டிப் பார்த்தார். அது நெடுநேரம் முனகியது. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய இரும்பு வீட்டுக்கு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குச் சந்தோஷம் வரும்? கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பைக் கிளட்ச் ஒயரைப் பிரித்து ஒவ்வொரு இழையாக அதில் கட்டினார். அழுத்திப் பார்த்தார், விரல் கிழிந்தது. அப்புறம் ஒரு துண்டு பைப்பை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் தேய்த்தார். அப்போது அதிலிருந்து வந்த சத்தம் பாட்டு மாதிரியும் இல்லை, பேச்சு மாதிரியும் இல்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் யார் வீட்டில் என்ன ஆச்சு என்று ஓடிவந்துவிட்டாள். யாரிடமும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. சர்ச்சில் கொயருக்கு வாசிக்கப் போனார். கீபோர்டு வாசிக்கிற பையன், இந்த ஆள் சுருதியே வேற என்றான். பாஸ்டர் தோளைத் தட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

சாவு வீட்டுக்காரர்கள்தான் அவரை உள்ளே விட்டார்கள். அவருடைய கூட்டாளி தேசப்பன் சாவு வீடுகளில் டோலக் வாசிப்பான், இவர் கூடப் போவார். இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டில் பாடுகிற பாட்டு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். செத்தவர் பேர்தான் மாறும். போனதும் என்ன பேர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று விசாரித்து, பாட்டில் அந்த இடத்தில் பொருத்திப் பாடிவிடுவார்கள். நேற்று முனுசாமி என்று அழுத அதே வரியில் இன்றைக்குக் குப்பம்மாள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஏஞ்சலின். சின்னவள் கிறிஸ்டினா. மூன்றாம் வகுப்பு படித்தாள். நவம்பர் மழையில் காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த ஆள் எங்கே இருந்தார் தெரியுமா? திருவாலங்காட்டில் ஏதோ ஒரு பொணத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். போன் பையில் கிடந்திருக்கிறது. நான் அடித்து அடித்துக் கை ஓய்ந்தேன். ஆம்புலன்சில் என் மடியிலேயே போய்விட்டாள். ஊர்ப் பொணத்துக்கெல்லாம் அழப் போனவர் காலையில் வந்து இறங்கும்போது எங்கள் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு அவளுக்கு ஷூ வாங்கி வைத்திருந்தேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்கினேன். நம்மைப் போன்றவர்கள் வேறு எப்படி வாங்குவோம்? முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தேன். அவளைக் கிடத்தியிருந்தபோது வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைத்தான் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டேன்.

ஒரு சைஸு பெருசா வாங்கினேனே, கிறிஸ்டினா
வர்ற வருசமும் ஆவுமின்னு, கிறிஸ்டினா
பஞ்சு வச்சுப் போட்டுக்கன்னேனே, கிறிஸ்டினா
பாதம் வளருமுன்னு இருந்தேனே, கிறிஸ்டினா

அழுதுகொண்டே திரும்பிப் பார்க்கிறேன், அந்த ஆள் பந்தல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்த இரும்பு. கண்ணை மூடிக்கொண்டு, நான் குரலை ஏற்றினால் பைப்பை ஏற்றுகிறார், இறக்கினால் இறக்குகிறார். சத்தம் வெளியே வராமல் தேய்க்கிறார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கவேண்டிய கை அது. நான் அழுததை அந்த ஆள் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு அப்பன் செய்கிற காரியமா இது? அன்றைக்கு என் வயிறு எரிந்தது, இன்னும் அணையவில்லை.

அடுத்த வருடம் பக்கத்துக் காலனியில் ஒரு சாவு. துக்கம் கேட்கப் போனேன். தெருமுனையிலேயே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. முதலில் என் குரல் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் அந்த ஆள் வாசிக்கிறார், பாடுகிறார். என் அழுகை, என் வார்த்தை, என் பிள்ளை பேர். முன்னேபின்னே தெரியாத பெண்கள் எல்லாம் கிறிஸ்டினா கிறிஸ்டினா என்று தங்கள் வீட்டுக் கிழவருக்காக மாரடித்துக்கொண்டிருந்தார்கள். பொணத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பாட்டை வைத்துக்கொள், என் அழுகையையும் நீயே வைத்துக்கொண்டு எக்கேடோ கெட்டுப் போ, அந்தப் பேரை மட்டும் விட்டுவிடு என்றேன். எல்லா வீட்டிலும் பேர் மாற்றித்தானே பாடுகிறீர்கள், இதில் மட்டும் மாற்ற என்ன கேடு என்று கேட்டேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

"நீ இன்னா வேணா கேளு கிரேஸு. அது மட்டும் கேக்காத."

அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அன்றோடு அந்த ஆளிடம் பேச்சை நிறுத்தினேன். ஒரே கூரைதான், ஒரே பானைச் சோறுதான். ஏஞ்சலின் நடுவில் நின்று, அம்மா சோறு தின்னச் சொல்லுது, அப்பா சட்டையைக் கேக்குது என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே பெரிய பெண்ணாகிக் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள்.

அதோடு விட்டதா? செவ்வாப்பேட்டையில் ஒரு சாவு வீட்டில் லோகு அந்தப் பாட்டைக் கேட்டான். வீடியோ போட்டான். அது போகாத இடம் இல்லை. இது ப்ளூஸ், அமெரிக்காவில் பருத்திக்காட்டுக் கூலிகள் அழுத அழுகை இது, இதை எங்கே கற்றீர்கள் என்று அவரைச் சுற்றிக் கூட்டம். அவர் கம்பெனி யூனிபார்ம் சட்டையோடு மேடையில் உட்கார்ந்து அதையே வாசித்தார். பிஸ்கட் கம்பெனியில் நான் பேக்கிங் செக்ஷன். லைனில் நிற்கும்போது சூப்பர்வைசர் போன் அடித்தால் என் பிள்ளையின் சாவு அடிக்கும். ஸ்டேஷனில் ஒரு பொறுக்கி, போகிற பெண்ணைப் பார்த்து அந்தப் பேரை ராகம் போட்டு இழுக்கிறான். ஒருத்தி தன் பூனைக்குட்டிக்குச் சாக்ஸ் மாட்டி அந்தப் பாட்டைப் போட்டு ரீல்ஸ் விட்டிருக்கிறாள், செண்பகம் சிரித்துக்கொண்டே வந்து காட்டுகிறாள். எட்டு வயதில் போன பிள்ளையை எத்தனை வாயில் போட்டு மெல்லுவார்கள்? எனக்கு அந்தப் பேர் வெளியே வந்தால் போதும். அதைத் தவிர இந்த உலகத்திடம் நான் எதையும் கேட்கவில்லை.

அந்த ஆளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. யார்டு தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். கடைசி வாரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து நேராகக் கேட்டேன். இப்போதாவது லோகுவிடம் சொல்லு, அந்தப் பேரை எடுக்கச் சொல்லு என்றேன். நான் பேசியதில் அவர் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மாட்டேன் என்றுதான் தலையை ஆட்டினார். பிடிவாதக்காரப் பாவி. கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று கிறிஸ்டினாவின் குழியைத் திறந்து அதிலேயே அவரையும் வைத்தோம். எங்களில் அப்படித்தான் வழக்கம். அவளுடைய மரச் சிலுவை மக்கிப்போயிருந்தது. புதுச் சிலுவையில் இரண்டு பேருக்கு இடம் பத்தாது என்று பெயிண்டர் அவர் பேரை மட்டும் எழுதினான். நானும் சரி என்றேன்.

படத்திறப்பு அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கவரைப்பேட்டையிலிருந்து கம்பெனிப் பையன்கள், சென்னையிலிருந்து ஜிப்பா போட்டவர்கள். சுருதி சரியில்லை என்று துரத்திய பாஸ்டர் மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, மாணிக்கம் எங்கள் சபையின் முத்து என்றார். காண்ட்ராக்டர் படத்துக்கு மாலை போட்டார். எனக்கு ஒரு பொன்னாடை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தேசப்பனை மேடையில் ஏற்றவில்லை, அங்கே டிரம்ஸ் இருக்கிறதாம். அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் லோகு அந்தப் பாட்டுக்கு வந்தான். எல்லாரும் எழுந்து விசில் அடித்தார்கள். அவன் கை காட்டி அமர்த்தினான். அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்கள், அதனால் இன்றைக்கு ஒரு மாற்றம் என்றான். சாவு வீட்டுப் பாட்டின் முறையே, யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவர் பேரை வைத்துப் பாடுவதுதான், இனிமேல் எங்கே பாடினாலும் இப்படித்தான் பாடப்போகிறோம் என்றான். ஒரு பையன் கம்பியைத் தேய்த்தான்.

ஒரு சைஸு பெருசா வாங்கினேனே, மாணிக்கம்.

வர்ற வருசமும் ஆவுமின்னு, மாணிக்கம்.

இரண்டாம் வரியிலேயே மண்டபம் பிடித்துக்கொண்டது. அவன் வரியைச் சொல்ல, ஆயிரம் பேர் மாணிக்கம் என்றார்கள். நடுவில் நிறுத்தி அர்த்தம் வேறு சொன்னான். அந்த ஷூ, அண்ணன் நமக்கு விட்டுப்போன கலை, நம் காலுக்கு அது இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, நாம்தான் வளர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றான். பாஸ்டர் தலையை ஆட்டினார். பக்கத்து வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்த ஷூவை வாங்கியவள் நான். யாருடைய காலுக்கு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

தேசப்பன் என் பக்கம் திரும்பினான். 

"இன்னா அண்ணி இது. நீயா கேட்ட?"

பேரை எடுக்கத்தான் சொன்னேன் என்றேன்.  அவன் அந்தச் சத்தத்துக்கு நடுவே என் காதோரம் குனிந்து சொன்னான். சில வருடம் முன்னால் திருவாலங்காட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு வீட்டில், இந்தப் பாட்டுதான் வேண்டும், ஆனால் எங்கள் அப்பா வீரராகவன் பேரை வைத்துப் பாடு என்றார்களாம். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவில் எவளோ பேரைச் சொல்லி அழுவாயா என்று அடித்துத் துரத்தியிருக்கிறார்கள். டோலக்கை உடைத்துவிட்டார்கள். அங்கே மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ இடத்தில் இந்த ஒரு பாட்டுக்குச் சண்டைதானாம். வேறு எந்தப் பாட்டில் வேண்டுமானாலும் பேரை மாற்றுவாராம்.

"நான்கூடத் திட்டினேன் அண்ணி. எல்லாரும் மாத்தறான், நீயும் மாத்தித் தொலையேன்னு. அதுக்கு, மாத்திட்டா அப்புறம் கிறிஸ்டினா எங்க இருக்கும் தேசப்பான்னு கேட்டான். நான் இன்னான்னு சொல்றது."

இதை என்னிடம் சொல்ல அந்த ஆளுக்கு வாய் இல்லையா? பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தோமே, கண்ட கண்ட டோலக் அடிக்கிறவனிடம் சொன்னதைப் பெற்றவளிடம் சொன்னால் என்ன? சாகிற நேரத்திலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாரே. அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படத்தை மாலையோடு பிடுங்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. ஆனால் மண்டபம் விடாமல் மாணிக்கம் மாணிக்கம் என்று அழுதுகொண்டிருந்தது. என் பிள்ளை அந்த இடத்திலிருந்து போய்விட்டாள். நான்தான் போகச் சொல்லியிருந்தேன்.

எழுந்து மேடை ஏறினேன். பொன்னாடை காலில் தட்டியது, எடுத்து எறிந்தேன். லோகு ஓடிவந்து கையைப் பிடித்து ஏற்றினான். மறுபடி அந்தப் பேரையே போடு என்று அவனிடம் சொன்னேன். டிரம்ஸ் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் பாட வந்திருக்கிறேன் என்று நினைத்து மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா பாடப்போகிறார்கள் என்று கூவினான்.

எனக்குப் பாடத் தெரியாது. அழத்தான் தெரியும். அன்றைக்கு அழுத மாதிரியே ஆரம்பித்தேன். ஒரு சைஸு பெருசா வாங்கினேனே என்றேன். வாத்தியங்கள் அடங்கின. குரல் உடைந்தது, விடவில்லை. கிறிஸ்டினா என்றேன்.

மாணிக்கம் என்றது மண்டபம்.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். கிறிஸ்டினா. என் மகள் கிறிஸ்டினா. போனில் விளக்கைப் போட்டுக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மாணிக்கம் என்றார்கள். தேசப்பன் மட்டும் நாற்காலியில் ஏறி நின்று வேறு ஏதோ கத்திக்கொண்டிருந்தான், அது என் காதுக்கே வரவில்லை. லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக என்று கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.